ஆஃபீஸ் கம்ப்யூட்டரின் நெட்டை டேப்லெட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சிம் போட வழியில்லாத, வைஃபை மட்டும் உள்ள டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு ஆஃபீஸில் ஒரு தொல்லை உண்டு. மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு லேன் வயரில் நெட் தாராளமாக வரும். பக்கத்திலேயே கிடக்கும் டேப்புக்கு ஒன்றும் வராது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் தினசரி 1.5 ஜிபி மதியத்துக்குள் காலியாகிவிடும். கட்டடத்தின் உள்பக்கம் உட்கார்ந்திருந்தால் சிக்னலும் சரியாக எடுக்காது. இப்படிப்பட்ட இடத்தில் கம்ப்யூட்டருக்கு வரும் நெட்டையே டேப்புக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். தனியாக சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். விண்டோஸ், ஆப்பிள் மேக், லினக்ஸ் மூன்றிலும் இந்த வசதி கூடவே வருகிறது.

வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் இது இரண்டு நிமிட வேலை. ஆஃபீஸ் கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. பட்டனை ஆன் செய்த பிறகும் டேப்பில் "கனெக்டட், நோ இன்டர்நெட்" என்று வந்து நிற்கும். அல்லது அந்தப் பட்டனே சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். ஏன் இப்படி என்பதற்கு ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும்: டேப் தானாக நெட்டுக்குப் போவதில்லை, கம்ப்யூட்டரின் பெயரில் போகிறது. கம்ப்யூட்டருக்கு என்னென்ன கட்டுப்பாடுகள் உண்டோ அவை டேப்புக்கும் உண்டு. கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரிந்த சில ஏற்பாடுகள் டேப்புக்குத் தெரியாது. சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் இடையில்தான் வருகின்றன.

முதலில் கேட்டுவிடுங்கள்

இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் நெட்டைப் பகிரும்போது முகவரி மாற்றம் என்ற வேலையைச் செய்கிறது. ஒரே வீட்டு முகவரிக்கு வரும் தபாலை வீட்டில் இருப்பவர் வாங்கி ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பது போலத்தான் இது. வெளியே இருப்பவர்களுக்கு ஒரே முகவரிதான் தெரியும். ஆஃபீஸ் ஃபயர்வாலின் (நெட் போக்குவரத்தைக் கண்காணித்துத் தடுக்கும் காவல் அமைப்பின்) பதிவுகளில் டேப் என்ற ஒன்றே இருக்காது. டேப்பில் யார் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அது உங்கள் கம்ப்யூட்டர் திறந்ததாக, அதாவது நீங்கள் திறந்ததாகவே பதிவாகும். டேப்பில் ஏதாவது வைரஸ் ஆப் இருந்து அது கண்ட இடத்துக்கும் தகவல் அனுப்பினால், அந்தக் கேள்வியும் உங்கள் மேசைக்குத்தான் வரும்.

இந்தியாவில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இன்று செய்ததை யாரும் கவனிக்கவில்லை என்றாலும் நான்கைந்து மாதம் கழித்து எடுத்துப் பார்க்க முடியும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவு, பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரையோ நெட்வொர்க்கையோ அணுகுவதைப் பற்றித்தான் பேசுகிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வாயைத் திறந்து கேட்டால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு இவ்வளவு பெரிய சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எப்படிக் கேட்பது? சிஸ்டம் அட்மினுக்கு ஒரு சின்ன மெயில் போதும்: "சார், என் டேப்லெட்டில் வைஃபை மட்டும்தான் இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு டிராயிங் காட்டுவதற்கு ஆஃபீஸில் நெட் தேவைப்படுகிறது. கெஸ்ட் வைஃபை இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் என் கம்ப்யூட்டரில் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாமா?" காரணம், என்ன கருவி, எந்த வழி ஆகிய மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. பதில் எழுத்தில் வந்தால் பத்திரப்படுத்துங்கள். சின்ன ஆஃபீஸ் என்றால் அட்மின் என்று தனியாக யாரும் இருக்க மாட்டார்கள். முதலாளியிடமோ, நெட் லைனைப் பார்த்துக்கொள்பவரிடமோ கேளுங்கள்.

கெஸ்ட் வைஃபை (வெளியாட்களுக்கென்று ஆஃபீஸ் தனியாக வைத்திருக்கும் வைஃபை) கிடைத்துவிட்டால் இந்தக் கட்டுரையில் மீதி எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. அதைவிட நல்ல வழி இல்லை.

அட்மின் உங்கள் டேப்பின் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்; ஆப்பிள் மேக் அல்ல) கேட்டுப் பதிவு செய்து ஆஃபீஸ் வைஃபையில் சேர்க்கிறேன் என்றால் அதுவும் சிறப்புதான். ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐபேட்ஓஎஸ் 14 முதலும் டேப்கள் வைஃபைக்கு வைஃபை ஒரு போலி மேக் முகவரியைக் காட்டும். அந்த வைஃபைக்கு மட்டும் பிரைவசி என்ற இடத்தில் "யூஸ் டிவைஸ் மேக்" என்று மாற்ற வேண்டும். ஐபேடில் "பிரைவேட் வைஃபை அட்ரஸ்" என்பதை அணைக்க வேண்டும். அதன்பிறகு தெரியும் முகவரியைக் கொடுங்கள். இதைச் செய்யாமல் பெட்டியில் அச்சிட்ட முகவரியைக் கொடுத்துவிட்டு "சேர்த்தும் வரவில்லை" என்று அலைபவர்கள் நிறையப் பேர்.

வங்கி, மருத்துவமனை, வெளிநாட்டு வாடிக்கையாளரின் தரவைக் கையாளும் பிபிஓ போன்ற இடங்களில் சொந்த டேப்பை உள்ளே கொண்டுபோவதற்கே தடை இருக்கலாம். அங்கே இந்த முயற்சியே வேண்டாம்.

கம்ப்யூட்டர் எப்படி வெளியே போகிறது என்று பாருங்கள்

அனுமதி கிடைத்துவிட்டது. அமைப்பைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி நான்கு விஷயங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

நெட் எதில் வருகிறது, லேன் வயரிலா வைஃபையிலா? செட்டிங்ஸில் "நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்" பக்கத்தின் மேலேயே ஈதர்நெட் அல்லது வைஃபை என்று இருக்கும்.

கம்ப்யூட்டரில் வைஃபை கார்டு இருக்கிறதா? லேப்டாப்பில் நிச்சயம் இருக்கும். டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் இருக்காது. ஸ்டார்ட் பட்டன்மேல் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" என்பதை விரித்தால் வைஃபை, வயர்லெஸ் அல்லது 802.11 என்று பெயரில் உள்ள ஏதாவது ஒன்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கீழே டெஸ்க்டாப் பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

பிராக்ஸி (கம்ப்யூட்டருக்கும் வெளி நெட்டுக்கும் நடுவில் நிற்கும் சர்வர்) இருக்கிறதா? அதே "நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்" பக்கத்தில் பிராக்ஸி என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே "மேனுவல் பிராக்ஸி" ஆனில் இருந்தால் அந்த முகவரியையும் போர்ட் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 8080, 3128 போன்ற எண்கள் வழக்கமாக இருக்கும். "செட்டப் ஸ்கிரிப்ட்" ஆனில் இருந்தால் அந்த முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விபிஎன் (கம்பெனி நெட்வொர்க்குக்குப் போகும் பூட்டிய தனிப் பாதை) ஓடுகிறதா? டாஸ்க்பாரின் வலது மூலையில் பூட்டு, கேடயம் போன்ற ஐகான் இருந்தால், ஆஃபீஸ் வேலைக்கு முன் அதில் லாகின் செய்கிறீர்கள் என்றால், விபிஎன் உண்டு.

விண்டோஸில் ஹாட்ஸ்பாட் போடுவது

விண்டோஸ் 10-ல் 2016-ல் வந்த ஆனிவர்சரி அப்டேட் முதல் மொபைல் ஹாட்ஸ்பாட் வசதி இருக்கிறது. விண்டோஸ் 11-லும் அதேதான். (விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருக்கும் ஆஃபீஸ்கள் ஹாட்ஸ்பாட்டைவிட அதை முதலில் கவனிப்பது நல்லது.)

1. செட்டிங்ஸ், "நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்", "மொபைல் ஹாட்ஸ்பாட்" என்று போங்கள். உடனே ஆன் செய்துவிடாதீர்கள்.

2. "ஷேர் மை இன்டர்நெட் கனெக்ஷன் ஃப்ரம்" என்ற இடத்தில் நெட் எதில் வருகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். லேன் வயரில் வந்தால் ஈதர்நெட். இங்கே தவறான ஒன்று தேர்வாகியிருந்தால் ஹாட்ஸ்பாட் ஆன் ஆகும், டேப்பும் சேரும், ஆனால் நெட் மட்டும் வராது.

3. "ஷேர் ஓவர்" என்பதில் வைஃபை.

4. "ப்ராப்பர்ட்டீஸ்" பகுதியில் "எடிட்" அழுத்துங்கள். பெயரை மாற்றுங்கள். கம்ப்யூட்டரின் பெயரே ஹாட்ஸ்பாட்டின் பெயராக இருக்கும். பல ஆஃபீஸ்களில் அந்தப் பெயரில் துறையும் ஊழியர் எண்ணும் சேர்ந்திருக்கும். அதைத் தெருவரைக்கும் ஒளிபரப்ப வேண்டியதில்லை. பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து. உங்கள் ஆஃபீஸ் லாகின் பாஸ்வேர்டை இங்கே போடவே போடாதீர்கள்.

5. "பேண்ட்" என்பதில் பழைய டேப் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ். விலை குறைந்த டேப்கள் பலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. கம்ப்யூட்டர் தானாக 5-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டால் டேப்பின் பட்டியலில் ஹாட்ஸ்பாட்டின் பெயரே வராது. புதிய டேப் என்றால் 5 தான் வேகம்.

6. "பவர் சேவிங்" ஆனில் இருந்தால், யாரும் சேராமல் சில நிமிடங்கள் போனதும் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடும். டேப்பை அடிக்கடி மூடி வைப்பவர்கள் இதை அணைத்துவிடலாம்.

7. இப்போது மேலே உள்ள பட்டனை ஆன் செய்யுங்கள்.

ஒரே நேரத்தில் 8 கருவிகள் வரை சேரலாம் என்று அந்தப் பக்கமே காட்டும். ஒரு டேப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்து மேசைக்காரர் "எனக்கும் பாஸ்வேர்டு கொடு" என்றால், அவருடைய போனும் உங்கள் பெயரில்தான் நெட்டுக்குப் போகும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பட்டன் சாம்பல் நிறத்தில் இருந்து, மேலே "இந்த அமைப்புகளில் சிலவற்றை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் தெரிந்தால், அட்மின் குரூப் பாலிசி (ஆஃபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு மொத்தமாக வைக்கும் விதிகள்) மூலம் பகிர்வதைத் தடுத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆஃபீஸ் டொமைனில் (அட்மின் நிர்வகிக்கும் நெட்வொர்க்கில்) இணைந்திருக்கும்போது நெட் பகிர்வைத் தடுக்க விண்டோஸிலேயே தனி பாலிசி உண்டு. ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியலை) மாற்றினால் திறந்துவிடும் என்று சொல்லும் வீடியோக்கள் நிறையக் கிடைக்கும். ஆஃபீஸ் கம்ப்யூட்டரில் அந்த வழிக்குப் போகாதீர்கள். தடுத்தவரிடமே போய்த் திறக்கச் சொல்லுங்கள். அனுமதி எழுத்தில் இருக்கிறது அல்லவா, அது இங்கேதான் உதவும்.

லேப்டாப் வைஃபையிலேயே நெட் வாங்கி வைஃபையிலேயே கொடுக்கவும் விண்டோஸால் முடியும். ஒரே கார்டு இரண்டு வேலையையும் பார்ப்பதால் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும். மெயில் பார்க்கவும் ஃபைல் இறக்கவும் போதும். வீடியோ காலுக்குத் திணறலாம்.

டேப்பில் செய்ய வேண்டியது

வைஃபை பட்டியலில் பெயரைத் தட்டி, பாஸ்வேர்டு போட்டால் சேர்ந்துவிடும். அதோடு விட்டுவிடாமல் இன்னொன்று செய்யுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். டேப்புக்கு வைஃபை கிடைத்தால் "இலவச நெட்" என்று நினைத்துக்கொண்டு போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், சிஸ்டம் அப்டேட் எல்லாவற்றையும் ஆரம்பித்துவிடும். நீங்கள் ஒரு பிடிஎஃப் பார்க்கத்தான் சேர்த்தீர்கள். அது உங்கள் வீட்டு விசேஷத்தின் வீடியோக்களை எல்லாம் ஆஃபீஸ் லைன் வழியாக ஏற்றிக்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் யார் இவ்வளவு அப்லோடு செய்தது என்று பார்த்தால் உங்கள் கம்ப்யூட்டரின் பெயர் மேலே நிற்கும்.

ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டி, "நெட்வொர்க் யூசேஜ்" அல்லது "மீட்டர்டு" என்ற இடத்தில் "ட்ரீட் ஆஸ் மீட்டர்டு" என்று வையுங்கள். ஐபேடில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஐ பட்டனைத் தட்டி "லோ டேட்டா மோட்" ஆன் செய்யுங்கள். ஐபேட்ஓஎஸ் 13 முதல் இது உண்டு. இந்த ஒரு மாற்றத்தில் பின்னணியில் ஓடும் டவுன்லோடுகளில் பெரும்பகுதி நின்றுவிடும்.

"கனெக்டட், நோ இன்டர்நெட்"

இப்படி வந்தால் கண்டபடி அணைத்து ஆன் செய்துகொண்டிருக்க வேண்டாம். டேப்பில் அந்த வைஃபையின் விவரங்களைத் திறந்து ஐபி முகவரி (நெட்வொர்க்கில் டேப்புக்குக் கிடைத்த எண்) என்ன என்று பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

192.168.137 என்று ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. விண்டோஸ் நெட் பகிரும்போது தனக்கு 192.168.137.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு அதே வரிசையில் எண் கொடுக்கும். டேப்பிலிருந்து கம்ப்யூட்டர் வரை பாதை சரி; கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகும் இடத்தில்தான் பிரச்சினை. இரண்டாம் படியில் தேர்ந்தெடுத்தது சரியா என்று மறுபடி பாருங்கள். அது சரி என்றால் பிராக்ஸி அல்லது விபிஎன். அவை அடுத்து வருகின்றன.

169.254 என்று ஆரம்பித்தாலோ, "ஐபி முகவரி பெறுகிறது" என்றே வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தாலோ, கம்ப்யூட்டர் எண்ணே கொடுக்கவில்லை. பெரும்பாலும் ஆஃபீஸ் ஆன்டிவைரஸோடு வரும் ஃபயர்வால்தான் தடுத்திருக்கும். அதை அணைத்துப் பார்க்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்காது, இருக்கவும் கூடாது. அட்மினிடம் "ஹாட்ஸ்பாட்டில் சேரும் கருவிக்கு ஐபி கிடைக்கவில்லை, டிஎச்சிபியை ஃபயர்வால் தடுக்கிறதா பாருங்கள்" என்று (டிஎச்சிபி என்பது ஐபி எண் கொடுக்கும் ஏற்பாடு) சொன்னால் அவருக்கு உடனே புரியும். சர்வீசஸ் பட்டியலில் "இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங்" என்ற சர்வீஸ் டிஸேபிள் ஆகியிருந்தாலும் இதே கதைதான்.

சில ஆஃபீஸ்களில் காலையில் ஒரு வெப் பக்கத்தில் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டால்தான் நெட் திறக்கும். கம்ப்யூட்டரில் லாகின் செய்திருந்தால் டேப் தனியாக லாகின் செய்யத் தேவையில்லாமல் போய்விடும், ஏனென்றால் வெளியே தெரிவது கம்ப்யூட்டரின் முகவரி மட்டும்தான். கம்ப்யூட்டரில் லாகின் காலாவதியானால் டேப்பிலும் நெட் போகும். டேப்பில் அந்த லாகின் பக்கம் வந்து நின்றால் அங்கே பாஸ்வேர்டு போடாதீர்கள். கம்ப்யூட்டருக்குப் போய் லாகின் செய்யுங்கள்.

பிராக்ஸியும் சர்ட்டிஃபிகேட்டும்

ஆஃபீஸ் நெட்டில் அதிகம் பேரை முட்டவைக்கும் இடம் இது. கம்ப்யூட்டரில் பிரவுசர் நன்றாக ஓடுகிறது, டேப்பில் ஒன்றும் வரவில்லை. காரணம், ஆஃபீஸ் கம்ப்யூட்டர்கள் நேராக வெளியே போவதில்லை, ஒரு பிராக்ஸி சர்வர் வழியாகப் போகின்றன. அந்த சர்வரின் முகவரி கம்ப்யூட்டரின் செட்டிங்ஸில் இருக்கிறது. ஹாட்ஸ்பாட் லைனை மட்டும்தான் பகிரும். பிராக்ஸி செட்டிங்கைப் பகிராது. டேப் நேராகப் போய் ஃபயர்வாலில் முட்டிக்கொண்டு திரும்புகிறது.

ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் பென்சில் ஐகானைத் தட்டி, "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" விரித்து, பிராக்ஸி என்பதை "மேனுவல்" ஆக்கி, முன்பு குறித்து வைத்த முகவரியையும் போர்ட்டையும் போடுங்கள். ஸ்கிரிப்ட் முகவரி என்றால் "ப்ராக்ஸி ஆட்டோ கான்ஃபிக்". ஐபேடில் ஐ பட்டனைத் தட்டினால் கீழே "கான்ஃபிகர் ப்ராக்ஸி" இருக்கும்; அங்கும் மேனுவல், ஆட்டோமேட்டிக் இரண்டும் உண்டு. இந்த செட்டிங் அந்த ஒரு வைஃபைக்கு மட்டும்தான், வீட்டு வைஃபையைப் பாதிக்காது.

இதற்குப் பிறகு பிரவுசர் ஓடும். ஆனால் எல்லா ஆப்பும் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆண்ட்ராய்டில் பிராக்ஸி செட்டிங்கை மதிப்பதும் மதிக்காததும் அந்தந்த ஆப்பின் விருப்பம். பிராக்ஸி யூசர்நேம் பாஸ்வேர்டு கேட்டால் நின்று யோசியுங்கள். அது பெரும்பாலும் உங்கள் கம்பெனி லாகினாகவே இருக்கும். வீட்டில் பிள்ளைகள் கையில் புழங்கும் டேப்பில் அதைச் சேமித்து வைப்பது சரியில்லை.

அப்புறம் சர்ட்டிஃபிகேட், அதாவது ஒரு தளம் உண்மையானதுதான் என்று கருவிக்கு உறுதி சொல்லும் டிஜிட்டல் சான்று. சில நிறுவனங்கள் பூட்டுக் குறி போட்ட தளங்களின் போக்குவரத்தையும் நடுவில் பிரித்துச் சோதிக்கின்றன. இதற்காகக் கம்பெனியின் சொந்த சர்ட்டிஃபிகேட் ஒன்றை எல்லா ஆஃபீஸ் கம்ப்யூட்டர்களிலும் முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பார்கள். உங்கள் டேப்பில் அது கிடையாது. அதனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "யுவர் கனெக்ஷன் இஸ் நாட் பிரைவேட்" என்று எச்சரிக்கை வரும். டேப் தவறாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நடுவில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் உங்கள் கம்பெனி என்பது மட்டும்தான் விஷயம்.

அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள். கம்பெனி சர்ட்டிஃபிகேட்டை டேப்பில் ஏற்றினால் எச்சரிக்கை நின்றுவிடும் என்பது உண்மை. ஏற்றினால் அந்த நெட்வொர்க்கில் இருக்கும்வரை உங்கள் சொந்த மெயிலும் பிரவுசரில் செய்யும் பேங்க் வேலையும் கம்பெனியால் படிக்கக்கூடியவை ஆகிவிடும். சர்ட்டிஃபிகேட் ஏற்றும்போதே ஆண்ட்ராய்டு இதைத் தெளிவாக எச்சரிக்கும். ஏற்றினாலும் பலன் பாதிதான். ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் ஏற்றிய சர்ட்டிஃபிகேட்டை ஆப்கள் இயல்பாக ஏற்றுக்கொள்வதில்லை. பிரவுசர் ஓடும், வாட்ஸ்அப்போ பேங்க் ஆப்போ ஓடாது. என் கருத்து இதுதான்: சொந்த டேப்பில் ஆஃபீஸ் சர்ட்டிஃபிகேட்டை ஏற்ற வேண்டிய நிலை வந்தால் அந்த முயற்சியை அங்கேயே விட்டுவிடுங்கள். வேலைக்குத்தான் டேப் வேண்டும் என்றால் கம்பெனியே ஒரு டேப் கொடுக்கட்டும்.

விபிஎன் ஓடும்போது

விபிஎன் இணைந்த அந்த நொடியில் டேப்பில் நெட் போய்விட்டால், உங்கள் விபிஎன் கம்ப்யூட்டரின் எல்லாப் போக்குவரத்தையும் தன் சுரங்கத்துக்குள் இழுத்துக்கொள்கிறது என்று பொருள். பகிர்ந்த லைனுக்கு அதில் இடமில்லை. விபிஎன் அடாப்டரையே பகிர்வதற்கு வழி உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் உங்கள் டேப் கம்பெனியின் உள் சர்வர்களைத் தொடக்கூடிய இடத்துக்குப் போய்விடும். "ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்" என்று கிடைத்த அனுமதி இதற்குப் பொருந்தாது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வரக்கூடாது. டேப்பை வீட்டு ரவுட்டரிலேயே சேருங்கள்.

வைஃபை கார்டு இல்லாத டெஸ்க்டாப்

யுஎஸ்பி வைஃபை அடாப்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. நகம் அளவுதான் இருக்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் "வைஃபை எடுக்கவா, ஹாட்ஸ்பாட் கொடுக்கவா, இரண்டும் முடியுமா?" என்று கேட்டு, பெட்டியில் சாஃப்ட் ஏபி அல்லது ஹாட்ஸ்பாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றின் டிரைவர் (அடாப்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) வாங்க மட்டும் தெரிந்தது, கொடுக்கத் தெரியாதது. அடாப்டரை முடிந்தவரை முன்பக்க யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். கேபினட்டின் பின்னால் இரும்புத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தால் சிக்னல் மேசையைத் தாண்டாது. டிரைவர் ஏற்ற அட்மின் அனுமதி வேண்டியிருக்கும். யுஎஸ்பி போர்ட்டுகளையே பூட்டி வைத்திருக்கும் ஆஃபீஸ்களும் உண்டு.

இதற்குப் பதில் ஒரு சின்ன ரவுட்டரை வாங்கிச் சுவரில் உள்ள லேன் பாயின்ட்டில் செருகிவிடலாமே என்று தோன்றும். அட்மின் சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது. லைனில் புதிய மேக் முகவரி தெரிந்தவுடன் அந்தப் போர்ட்டையே மூடிவிடும்படி ஆஃபீஸ் ஸ்விட்ச்சுகளை அமைத்திருப்பார்கள். டேப்புக்கும் வராது, கம்ப்யூட்டருக்கும் போய்விடும். ரவுட்டரின் லேன் பக்கத்தைத் தவறி சுவரில் செருகிவிட்டால், அது அந்த மாடியில் இருக்கும் மற்றவர்களுக்கெல்லாம் தப்பான ஐபி எண் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

வயரிலேயே கொடுக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. லேப்டாப்பில் நெட் வைஃபையில் வந்து, லேன் போர்ட் சும்மா இருந்தால், டேப்பில் ஒரு டைப்-சி லேன் அடாப்டரைச் செருகி இரண்டையும் லேன் கேபிளால் இணைக்கலாம். பிறகு கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பக்கத்தில் வைஃபைமேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், "ஷேரிங்" பகுதி, முதல் கட்டத்தில் டிக், கீழே ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுத்து ஓகே. இதற்கு அட்மின் அதிகாரம் தேவை. ஆண்ட்ராய்டும் டைப்-சி ஐபேடும் லேன் அடாப்டரைப் பெரும்பாலும் தானாக அடையாளம் காணும். வைஃபை நெரிசல் அதிகமுள்ள கட்டடத்தில் இது மிகவும் நம்பகமான வழி.

புளூடூத்திலும் பகிரலாம். வேகம் நொடிக்கு ஒன்று, இரண்டு மெகாபிட்தான். மெசேஜுக்குப் போதும், அதற்குமேல் வேண்டாம்.

ஆப்பிள் மேக்கும் லினக்ஸும்

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங் என்று போய் "இன்டர்நெட் ஷேரிங்" பக்கத்தில் உள்ள ஐ பட்டனை அழுத்துங்கள். எதிலிருந்து என்பதில் ஈதர்நெட், எதற்கு என்பதில் வைஃபை. "வைஃபை ஆப்ஷன்ஸ்" உள்ளே பெயரும் பாஸ்வேர்டும் வைத்த பிறகு ஆன் செய்யுங்கள். விண்டோஸ் போல வைஃபையில் வாங்கி வைஃபையில் கொடுக்க மேக்கால் முடியாது. யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் 802.1எக்ஸ் வகை ஆஃபீஸ் இணைப்பையும் மேக் பகிராது. அது ஆப்பிள் வைத்த கட்டுப்பாடு, கோளாறு அல்ல.

உபுண்டுவில் செட்டிங்ஸ், வைஃபை, மேலே மூன்று புள்ளி, "டர்ன் ஆன் வைஃபை ஹாட்ஸ்பாட்". நெட் லேன் வயரில் வர வேண்டும். ஹாட்ஸ்பாட் ஆனதும் வைஃபையில் வந்துகொண்டிருந்த இணைப்பு அறுந்துவிடும். டேப்பின் ஐபி இங்கே 10.42.0 என்று ஆரம்பித்தால் சரியாகச் சேர்ந்துவிட்டது.

தினசரி பயன்பாட்டில்

மதியம் சாப்பிடப் போகும்போது விண்டோஸ் கீயோடு எல் அழுத்தி ஸ்கிரீனைப் பூட்டினால் ஹாட்ஸ்பாட் தொடர்ந்து ஓடும். கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போனால் நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். சாயங்காலம் கிளம்பும்போது டாஸ்க்பாரில் நெட்வொர்க் ஐகானைத் தட்டி அணைத்துவிட்டுப் போங்கள். இரவெல்லாம் யாரும் இல்லாத ஆஃபீஸில் உங்கள் பெயரில் ஒரு திறந்த வழி இருக்க வேண்டாம்.

டேப்பை வீட்டில் வேறு யாராவது பயன்படுத்தினால், ஆஃபீஸ் ஹாட்ஸ்பாட்டின் "ஆட்டோ கனெக்ட்" வசதியை அணைத்து வையுங்கள். விடுமுறை நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஃபீஸுக்கு வந்தால் டேப் தானாகச் சேர்ந்து கேம் இறக்க ஆரம்பித்துவிடக் கூடாது அல்லவா.

வேலை மாறும்போதும் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போதும் இரண்டு இடத்தில் துடைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றி அணைத்துவிடுங்கள். டேப்பில் அந்த வைஃபையை "ஃபர்கெட்" கொடுங்கள். அதோடு சேர்ந்து பிராக்ஸி செட்டிங்கும் போய்விடும். முன்பு எப்போதாவது கம்பெனி சர்ட்டிஃபிகேட் ஏற்றியிருந்தால் அது தானாகப் போகாது. ஆண்ட்ராய்டில் செக்யூரிட்டி பகுதியில் "ட்ரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்" என்பதன் "யூசர்" பட்டியலிலும், ஐபேடில் ஜெனரல் பகுதியில் "விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்" உள்ளேயும் பார்த்து நீக்கிவிடுங்கள்.